குமிழில் இருந்த விரல்

1972 டிசம்பர். நிலாவுக்குக் கடைசியாகப் போன மூவரும் முந்தின இரவு கடலில் இறங்கியிருக்க வேண்டும். எனக்கும் என் நண்பன் சவரிமுத்துவுக்கும் தூக்கமே இல்லை. சாந்தன்பாறையில் நாங்கள் வேலை பார்த்த ஏலத்தோட்டம் பள்ளத்தில் இருந்ததால் அங்கே ரேடியோ எடுக்காது. காலைச் செய்தி கேட்க, அவன் மாமனார் கல்யாணத்துக்குத் தந்த டிரான்சிஸ்டரோடு மேட்டுக்கு ஏறினோம்.

செய்தி தொடங்கியதும் ஏலச்செடிகளை விலக்கிக்கொண்டு ஓர் ஒற்றை யானை வெளியே வந்தது. இருபதடிகூட இருக்காது.

"ஏலே, ரேடியோவ அணை!" என்று கிசுகிசுத்தான் சவரிமுத்து.

என் விரல் குமிழில்தான் இருந்தது. அந்நேரம் பார்த்து, "நிலவுக்குச் சென்ற மூன்று வீரர்களும்..." என்றது ரேடியோ. யானை காதை விரித்து எங்களைப் பார்த்தது. அடுத்த சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அப்போதும் நான் அணைக்கவில்லை.

சவரிமுத்து அதைப் பிடுங்கிச் சரிவில் வீசினான். பேசிக்கொண்டே உருண்ட ரேடியோவின் பின்னால் யானை போனது. நாங்கள் ஓடினோம். கீழே ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது.

எங்கள் குடியிருப்பான லயத்துக்கு வந்ததும், "குமிழ் சிக்கிக்கிச்சுல" என்றேன்.

"அது போவுது விடுல. அவுக மூணு பேரும் எறங்கிட்டாகளா? அதச் சொல்லு" என்றான்.

மறுநாள், அவர்கள் பத்திரமாக வந்த செய்தியைப் பேப்பரில் அவன்தான் எனக்குப் படித்துக் காட்டினான். குமிழ் சிக்கவே இல்லை என்பதை அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.