ஸ்கேன் அத்தையும் புது மாப்பிள்ளையும்

ஜெல் குப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடியேதான் ஸ்கேன் அத்தை எல்லோரிடமும் பேசுவார். டாக்டர் வந்தாலும் குப்பி இறங்காது. "சில்லுனு நெஞ்சுல தடவினா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்பார்.

அத்தை என்பது குழந்தைகள் வைத்த பெயர். படுக்கையில் ஏறும் ஒவ்வொரு குழந்தைக்கும், யானை செருப்புக் கடைக்குப் போன கதையைச் சொல்வார். கடைக்காரர், "முன்னங்காலுக்கா, பின்னங்காலுக்கா?" என்று கேட்கும் இடத்தில் எல்லாக் குழந்தைகளும் சிரிக்கும். ஒழுங்காகப் படுத்திருந்தால் கையில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். காலையில் முதல் நட்சத்திரம் மட்டும் அவருடைய காலருக்கு. "நானும் ஒழுங்காத்தானே வேலை செய்யறேன்? எனக்கு யாரு ஒட்டுவா?"

இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயின் அகலத்தைத் திரையில் கோடு போட்டு அளப்பார். ரத்தம் ஓடும் வேகத்தையும் எடுத்துக் கணக்குப் போடுவார். இப்போது அதே அறைக்கு ஒரு புதுக் கருவி வந்திருக்கிறது. கழுத்திலும் நெஞ்சிலும் நாலு பட்டைகளை ஒட்டினால் அதுவே எண்ணைச் சொல்லிவிடும். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று டாக்டர் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

கருவிக்கு அத்தை வைத்த பெயர் மாப்பிள்ளை. "வந்து மூணு வாரந்தான் ஆச்சு. ஏசி அதுக்கு, நல்ல மேஜை அதுக்கு. நான் இன்னும் ஆடுற ஸ்டூல்லதான்."

அன்று படுத்திருந்தது என் அக்காவின் நாலு வயது மகள். இதய அறுவை சிகிச்சை முடிந்து இருபது நாள். எண் சரியாக இருந்தால் வீட்டுக்குப் போகலாம். குறைந்தால் இன்னும் ஒரு வாரம் மருந்து ஏற்ற வேண்டும். அக்கா பையைக் கட்டிக் கையிலேயே வைத்திருந்தாள்.

மாப்பிள்ளை இரண்டு புள்ளி மூன்று என்றது. அத்தை ஒன்று புள்ளி ஆறு என்றார்.

"எதைம்மா நம்பறது?" என்றார் டாக்டர்.

"இருபத்திரெண்டு வருஷமா அளக்கறேன். அது நேத்து வந்தது."

அக்கா பையைத் திறந்து துண்டை வெளியே எடுத்து வைத்தாள்.

அத்தை அந்தத் துண்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சற்றுமுன் எடுத்த படத்தைத் திரைக்குக் கொண்டுவந்து மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

"எல்லாம் என் வாயால வந்தது," என்றார்.

செருப்புக் கடைக் கதைக்குக் குழந்தை சிரித்த நொடியில் படத்தை நிறுத்தியிருக்கிறார். நெஞ்சு குலுங்கியதில், குழாயின் நடுவே போகவேண்டிய கோடு ஓரமாகப் போயிருக்கிறது. பதினாலு மில்லிமீட்டர் பன்னிரண்டாகிவிட்டது. "ரெண்டு மில்லிமீட்டர் விட்டா கால்வாசி ரத்தம் காணாமப் போயிடும், டாக்டர். இன்னொரு தடவை பாத்துடறேன்."

இந்த முறை கதை இல்லை. வாயை மூடிக்கொண்டு வேலை செய்வது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது நெற்றி வியர்வையில் தெரிந்தது.

"யானை என்னாச்சு அத்தை?"

"கடை லீவுடி தங்கம். பேசாமப் படு."

இரண்டு புள்ளி இரண்டு.

டாக்டர் தலையாட்டினார். அக்கா துண்டைப் பைக்குள் திணித்தாள். அத்தை குழந்தையின் கையில் ஒரு நட்சத்திரம் ஒட்டினார். பிறகு தன் காலரில் இருந்ததை நகத்தால் மெல்லப் பிய்த்து, ஸ்டூலோடு நகர்ந்து போய், மாப்பிள்ளையின் நெற்றியில் ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்திவிட்டார்.