இருபத்து நான்கு சதுரங்கள்

ஆவடியில் கம்பளிப் போர்வை பின்னிய ஆண்பிள்ளை, எனக்குத் தெரிந்து, என் அப்பா ஒருவர்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். பைக்கிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு இரண்டு மாதம் வீட்டில் கிடந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். முதல் வாரமே மிக்ஸியைப் பிரித்து மாட்டினார்; அது அதன்பிறகு ஓடவில்லை. குன்னூரில் வளர்ந்த எதிர்வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, இரண்டு ஊசியும் ஒரு பை மிச்ச நூலும் கொடுத்து, நாலு மதியம் உட்கார்ந்து பின்னவும் சொல்லிக்கொடுத்தார்.

அம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். பிள்ளைக்குப் போர்வை என்று அப்பா சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. பிறக்காத பிள்ளைக்குப் புதுசாக எதையும் வாங்கவும் கூடாது, செய்யவும் கூடாது என்பது எங்கள் வழக்கம். பிறந்த பிறகும் பதினோராம் நாள் வரை பழைய புடவைத் துணிதான். நான் ஏழாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் அதுவரை அவ்வளவு தூரம் படித்தவர் யாருமில்லை. அந்தத் தெம்பில், இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அம்மாவுக்கு ஒரு பாடமே நடத்தினேன். அவள் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அப்பாதான் வழி கண்டுபிடித்தார். “போர்வ இல்லம்மே. துண்டு துண்டாதான் போடப்போறேன். தனித்தனியா கீற வரிக்கும் அது வெறும் துண்டு. கொயந்த பொறந்தப்புறம் சேத்துக்கலாம்.”

அம்மா ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். எந்த இரண்டு துண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கக் கூடாது. முடிந்தது நேராக பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விட வேண்டும்.

கையில் பவுடர் போட்டுக்கொண்டு, ஃபேனுக்கு அடியில் அப்பா பின்னினார். அரிசி மாதிரி மேடு வைத்த துண்டு, கூடை முடைந்தாற்போல ஒன்று, ஜடை முறுக்கியதுபோல ஒன்று. எதற்கும் அகலத்தில் முப்பது கண்ணிதான். எண்ணிக்கை சரியாக இருந்தால் அளவு தானாகச் சரியாக இருக்கும் என்பது லேத்தில் அவர் கற்ற வேதம். அத்தை வரும்போதெல்லாம், “இன்னா நைனா, அடுத்து பூ கட்டப் போறியா?” என்று கேட்டுவிட்டுப் போவாள். பதினோராம் நாள் பிள்ளைமேல் படுகிற முதல் புதுத்துணி தான் பின்னியதுதான் என்று அப்பா அவளிடம் சவால் விட்டிருந்தார்.

அடைமழையில் தங்கை பிறந்தாள். அன்று சாயங்காலமே அப்பா டப்பாவைக் கவிழ்த்தார். வரிசைக்கு ஆறாக நாலு வரிசை அடுக்கியதும்தான் தெரிந்தது. ஜடைத் துண்டுகள் ஆறும் மற்றவற்றைவிடக் குறுகலாக, ஆறு அங்குலத்துக்குப் பதில் ஐந்தே அங்குலமாக, ஒட்டாமல் கிடந்தன.

“முப்பது முப்பதுதானே போட்டேன். எங்கடா போச்சு ஒரு இஞ்ச்?”

முறுக்கும்போது பின்னல் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார். அப்பா ஊசியைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு வகுப்பில் அப்போதுதான் நேர் விகிதம் நடந்துகொண்டிருந்தது. ஐந்து அங்குலத்துக்கு முப்பது கண்ணி என்றால் ஆறு அங்குலத்துக்கு எத்தனை? டப்பா மூடியிலேயே சாக்பீஸால் போட்டுக் காட்டினேன். முப்பத்தாறு. அப்பா நம்பவில்லை, ஆனாலும் ஒன்றை உருவி மறுபடி போட்டார். ஸ்கேல் வைத்தார். ஆறு. என்னை ஒரு பார்வை பார்த்தார். லேத்தில் புது ஆளை வேலைக்கு எடுக்கும்போது அப்படித்தான் பார்ப்பாராக்கும்.

பதினோராம் நாள் காலையில்தான் கடைசித் தையல் விழுந்தது. அத்தை போர்வையைப் புரட்டிப் புரட்டி, ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் தேடினாள். “கம்பெனி சரக்கு மாரி கீதுடா” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அவளே தங்கையை அதில் படுக்க வைத்தாள். முப்பத்தாறு, முப்பத்தாறு என்று நான் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அம்மா தங்கையை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். ஒரு கணக்கு சரியாக வந்ததற்கு இவ்வளவா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும் தங்கைக்கும் நடுவில் பன்னிரண்டு வருடம் ஏன் என்று கேட்கத் தோன்றவேயில்லை. நடுவில் ஒரு பிள்ளைக்குச் சட்டை, கொசுவலை, கிலுகிலுப்பை எல்லாம் ஆசை ஆசையாக முன்னாலேயே வாங்கி வைத்தவர் அப்பாதான் என்பதும், அந்தப் பிள்ளை வீட்டுக்கு வரவேயில்லை என்பதும் அன்று எனக்குத் தெரியாது. துண்டு துண்டாகப் பின்னி அம்மாவைச் சாமர்த்தியமாக ஏமாற்றிவிட்டார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.