உறையாத எண்ணெய்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எதிர்வீட்டு அண்ணாச்சி சொல்லி, அதிலும் பேர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். தென்காசியில், மலைக்காற்று கேட்காமலே உள்ளே வந்து உட்காரும் தெருவில், நல்ல ஓட்டு வீட்டைப் பிரித்துப்போட்டுவிட்டு காங்கிரீட் தட்டட்டி போட்ட முதல் ஆள் நான். தட்டட்டி என்றால் எங்கள் பக்கத்தில் மொட்டை மாடி. அறுபதுகளின் தொடக்கத்தில் அது பெரிய அந்தஸ்து. ஓட்டு வீட்டில் இருந்தால் வெறும் வாத்தியார். தட்டட்டி வீட்டில் இருந்தால் சார்வாள். எனக்கு சார்வாள் ஆகியே தீரவேண்டியிருந்தது.

முதல் சாரலிலேயே ஒழுகியது. கொத்தனார் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "தார் பூசிருங்க சார்வாள், சொட்டுத் தண்ணி எறங்காது" என்றார். பூசினேன். இத்தனைக்கும் நான் சயன்ஸ் வாத்தியார். கறுப்பு வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், வெள்ளை திருப்பி அனுப்பிவிடும் என்று வாரமெல்லாம் எட்டாம் வகுப்பில் தொண்டை கிழியக் கத்திவிட்டு, சனிக்கிழமை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் தலைக்கு மேலேயே கறுப்பைப் பூசினேன். அந்தக் கேள்விக்குத் தப்பாக எழுதியவர்களை முட்டி போட வைத்தவனும் நானேதான்.

அதோடு நின்றிருக்கலாம். தெருவில் மூன்று புங்க மரங்கள் இருந்தன. அவற்றில் குடியிருந்த காக்கைகள் என் புதுச்சுவரைப் பற்றிய தங்கள் அபிப்பிராயத்தைத் தினமும் சுவரிலேயே பதிவு செய்தன. தெருவுக்குத் தார் ரோடு வேண்டும், இடைஞ்சலாக நிற்கும் மரங்களை அகற்ற வேண்டும் என்று மனு எழுதி, முதல் கையெழுத்தைப் போட்டு, வீடு வீடாகப் போய் மற்றக் கையெழுத்துகளை வாங்கினேன். அண்ணாச்சி மட்டும் போடவில்லை. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நடு மரத்து நிழலில் ஓட்டு வீடு.

"மரம் ஒம்ம என்னவே செஞ்சுது?"

"ஊரு வளர வேண்டாமா அண்ணாச்சி?"

"ஊரு வளரட்டும். ஒமக்கு மண்ட எப்ப வளரும்?"

மனு போய்விட்டது. என்னைப் பார்த்து இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் தட்டட்டி போட்டார்கள். முட்டாள்தனத்தில் எனக்கு நல்ல செல்வாக்கு.

அடுத்த ஆனி வந்தது. எங்கள் ஊரில் சாரல் கட்டிவிட்டதா என்று அடுக்களைக்குள் போய்த்தான் பார்ப்போம். காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் வெள்ளையாக உறைந்திருந்தால் குற்றாலத்தில் அருவி விழுகிறது என்று அர்த்தம்; துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். எங்கள் வீட்டில் எண்ணெய் தண்ணீராக ஓடியது. ஆகவே நான் பள்ளிக்கூடத்தில், "சாரல் இன்னும் கட்டலை. இது சும்மா தூறல்" என்று அடித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த மற்ற வாத்தியார்கள் எல்லாரும் அன்று விடியற்காலையில் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு நின்றிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் என் மனைவி இரண்டு பாட்டில்களை மேஜைமேல் வைத்திருந்தாள்.

"இது எதிர்வீட்டு எண்ண. கல்லு மாதிரி ஒறைஞ்சு கெடக்கு. இது நம்ம வீட்டு எண்ண. ஆட்டிப் பாருங்க."

ஆட்டினேன். குலுங்கியது.

"ஊரே போத்திக்கிட்டு நடக்கு. நம்ம பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. நான் சிவகிரிக்குப் போறேன்."

சிவகிரி அவள் பிறந்த ஊர். சீசனுக்குத் தென்காசியை விட்டு சிவகிரிக்குப் போவது, சாப்பாட்டு வேளையில் கல்யாண வீட்டைவிட்டுக் கிளம்புவது போல. "அங்க வெயிலு கொளுத்துமே?" என்றேன்.

"அங்க வெயிலு வெளிய அடிக்கும். இங்க வீட்டுக்குள்ள அடிக்கு."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் குற்றாலத்தில் குளித்துவிட்டு சைக்கிளில் திரும்பினேன். சாலையோரத்து மருத மரங்கள் கூடவே வந்தவரை தலை ஈரம் காயவில்லை. வயல்கள் முடிந்து கடைத்தெரு தொடங்கியதும் காற்றின் குணம் மாறியது. எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் மாடு முகத்துக்கு நேரே மூச்சு விட்டது போல ஒரு வெதுவெதுப்பு. மூன்று மைலுக்குள் இரண்டு பருவம். சாரலுக்கு நடுவே அடிக்கும் கொஞ்ச வெயிலையும் எங்கள் ஐந்து தட்டட்டிகளும் குடித்து வைத்திருந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் கீழே விட்டுக்கொண்டிருந்தன. அண்ணாச்சியின் ஓடுகளோ பொழுது சாய்ந்ததும் ஆறிவிட்டன. மரத்தடியில் சைக்கிளை நிறுத்தினேன். அங்கே மட்டும் குற்றாலம் மிச்சமிருந்தது.

ஊர் பெருத்தால் சூடும் வரத்தான் செய்யும் என்று பள்ளிக்கூடத்தில் சமாதானம் சொன்னார்கள். அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சூடு என்ன, முகவரி விசாரித்துக்கொண்டா வந்தது? கம்பி கட்டி, ஜல்லி கொட்டி, தார் காய்ச்சி நான்தான் கூப்பிட்டேன். கூப்பிட்டவனுக்கு வெளியே போகச் சொல்லவும் உரிமை உண்டு.

முதலில் தட்டட்டியில் ஏறி, தாரைச் சுரண்டி, சுண்ணாம்பை மூன்று கை அடித்தேன். அதற்கு மேல் தென்னங்கீற்றில் ஒரு கொட்டகையும் போட்டேன். அண்ணாச்சி கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "தட்டட்டி போட்ட மொத ஆளும் நீருதான். அதுக்கு மேல குடிச போட்ட மொத ஆளும் நீருதான் வே." சார்வாள் பட்டம் அன்றே போய்விட்டது.

அந்த வாரத்திலேயே ஓவர்சியர் இரண்டு ரம்பக்காரர்களோடு காலையில் வந்து நின்றார். சாரல் முடிந்ததும் தார் போடப் போகிறார்களாம். அதற்கு முன்னால் மரங்கள் விழ வேண்டுமாம். நான் நாற்காலியைக் கொண்டுபோய் நடு மரத்தடியில் போட்டு உட்கார்ந்தேன்.

"எந்திரிங்க சார். மனுவில மொதக் கையெழுத்து யாருது?" என்று தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"கையெழுத்து என்னுதுதான். புத்தி அன்னைக்கு லீவு."

"வெளையாடாதீங்க. எனக்கு வேல கெடக்கு."

"எனக்கும் கெடக்கு. சின்னதா ஒரு பாடம் நடத்தணும்."

கையோடு கொண்டுவந்திருந்த இரண்டு எண்ணெய் பாட்டில்களைக் காட்டினேன். ஒன்று அந்த மரத்தடியில் இருக்கும் அண்ணாச்சி வீட்டிலிருந்து வாங்கியது. இன்னொன்று மரமே இல்லாத தெருக்கோடியில், என்னைப் பார்த்துத் தட்டட்டி போட்ட ஒரு நண்பரின் வீட்டிலிருந்து வாங்கியது. முதல் பாட்டிலின் மூடியைத் திறந்து அவர் கண்முன் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. "இது மரம் இருக்க வீடு" என்றேன். வகுப்பில் நிற்கிற மிடுக்கு எனக்கு வந்துவிட்டது. "இப்ப மரம் இல்லாத வீடு" என்று இரண்டாவதையும் கவிழ்த்தேன். அதற்கு மூடி போட மறந்திருந்தேன்.

எண்ணெய் முழுவதும் மனுவின்மேல் இறங்கியது. தாள் கண்ணாடி மாதிரி ஆகி, புதுமோஸ்தர் பால்பாயிண்ட் பேனாவின் எண்ணெய் மை கரைந்து, என் கையெழுத்தும் தெருவின் கையெழுத்துகளும் நீல ஆறாக ஒன்றுகூடி ஓவர்சியரின் செருப்பில் சொட்டின. தெரிந்துதான் செய்தீரா என்று இன்றும் கேட்கிறார்கள். தெரியாமல்தான் செய்தேன். வருத்தப்பட்டதாக மட்டும் யாரும் எழுதிவிட வேண்டாம்.

"மனு இல்லாம நான் எப்படி வெட்ட?" என்று ஓவர்சியர் அலறினார்.

"அதானே!" என்றார் அண்ணாச்சி, தன் வாசலிலிருந்து. "எப்படி வெட்டுவீரு?"

புது மனுவை அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். ரோடு வரட்டும், மரங்கள் நிற்கட்டும், ரோடு வேண்டுமானால் வளைந்துகொள்ளட்டும் என்று. முதல் கையெழுத்து அண்ணாச்சி. நான் போட வந்தபோது, "நீரு கடைசியா போடும். ஒம்ம கையெழுத்துக்கு ராசி சரியில்ல" என்றார். ரம்பக்காரர்கள் மர நிழலில் பீடி குடித்து முடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் தெரு ரோடு மூன்று இடத்தில் நெளிந்துதான் போகும். புதிதாக வருகிறவர்கள் போட்டவனைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் எங்கள் வீட்டு எண்ணெயும் உறைந்தது. முழுக்க என்று சொன்னால் பொய், முக்கால்வாசி. அந்த பாட்டிலை ஈரத்துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் சிவகிரிக்குப் புறப்பட்டேன். வாசுதேவநல்லூர் தாண்டும்போது துண்டு காய்ந்துவிட்டது.

அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "மூணு மரமும் நிக்குது. தாரச் சொரண்டியாச்சு. ஓவர்சியர ஓட வச்சாச்சு. வீடு குளுந்து கெடக்கு, கெளம்பு" என்று சொல்லி, துண்டைப் பிரித்து பாட்டிலை நீட்டினேன்.

வாங்கி ஒரு தடவை ஆட்டினாள். குலுங்கியது.

"ஒறையட்டும், வாரேன்."