சாய்ந்தமருதில் ஆறு கள்ளக் கம்ப்யூட்டர்கள்

என்னிடம் இருக்கும் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களில் ஒன்றுகூட அசல் இல்லை. எண்பதுகளில், அமெரிக்கக் கம்பனிகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தாய்வானிலும் ஹொங்கொங்கிலும் பிரதியெடுத்துச் செய்த மெஷின்களைத்தான் சேர்க்கிறேன். அசலின் விலை கட்டுப்படியாகாத ஊர்களுக்கு அவைதான் போய்ச் சேர்ந்தன. கல்முனைக்குப் பக்கத்தில் சாய்ந்தமருதில், ஜெஸீமா என்ற கணித டீச்சரிடம் அப்படி ஆறு இருந்ததாக அவரிடம் படித்த நண்பர் சொன்னார். யுத்தம் முடிந்து ஒரு வருடம் கடந்திருந்தது. வழியில் பயணிகளை இறக்கி ஏற்றும் இராணுவச் சோதனைகளும் குறைந்துவிட்டன என்றார்கள். 2010 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை புறப்பட்டேன்.

திரும்பும்போது கோபத்தோடுதான் திரும்பினேன். ஆறியதும் எழுதலாம் என்று இரண்டு வாரம் பொறுத்தேன். ஆறவில்லை.

முதலில் வழி. கொழும்பு புறக்கோட்டையில் இரவு 8.45 பஸ், டிக்கெட் 560 ரூபாய், ஏறத்தாழ 340 கிலோமீற்றர். கல்முனையில் காலை 6.10க்கு இறங்கினேன். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அப்போதே சுட்டது. பஸ் நிலையத்துக்கு எதிரே பராட்டாவும் பிளேன்டீயும் 90 ரூபாய். அங்கிருந்து சாய்ந்தமருதுக்கு மூன்று கிலோமீற்றர், ஓட்டோ 150. டீச்சர் வீடு என்றதுமே ஓட்டோக்காரருக்கு இடம் தெரிந்தது.

டீச்சருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வந்த காரியத்தைச் சொன்னதும் என்னை ஒரு கணம் பார்த்தார்.

“நீங்க பிந்திட்டீங்க தம்பி. இப்ப ஒண்டும் இல்ல.”

பிறகுதான் விஷயம் வந்தது. குவைத்தில் வேலை செய்த அவருடைய கணவர், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் இரண்டிரண்டாகக் கொண்டுவந்த மெஷின்கள் அவை. மூலையில் ஆப்பிளும் அல்லாத கொய்யாவும் அல்லாத ஒரு பழத்தின் படம் இருக்குமாம். எந்தக் கம்பனியின் நகல் என்று சேகரிப்பவர்களுக்குப் புரிய இது போதும். மாடியறையில் வைத்து, சாய்ந்தமருதுப் பிள்ளைகளுக்கும் காரைதீவிலிருந்து சைக்கிளில் வந்த பிள்ளைகளுக்கும் பதினைந்து வருடம் படிப்பித்திருக்கிறார். சுனாமியில் கீழ்வீடும் கணவரும் போனார்கள். மாடியறை நின்றது, மெஷின் ஆறும் தப்பின. மூன்றாம் மாதமே முகாம் கொட்டிலில் வகுப்பைத் தொடங்கிவிட்டார்.

அதன் பிறகு ஓர் உதவி நிறுவனத்தின் ஆட்கள் வந்தார்கள். பத்துப் புதுக் கம்ப்யூட்டர் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் உரிமமில்லாத பிரதிகள் இருக்கும் இடத்துக்கு உதவி செய்ய அவர்களுடைய விதியில் இடமில்லையாம். பழையவற்றை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

“ஹராமான சாமானப் பாத்த மாதிரிப் பாத்தாங்க தம்பி. பத்திரமா வைப்பம் எண்டு சொல்லித்தான் ஏத்தின. மறுகா கேள்விப்பட்டா, சம்மாந்துறையில பழைய இரும்புக் கடையில போட்டிரிக்காங்க.”

புதியவற்றைப் பார்க்க வேண்டும் என்றேன். பக்கத்து மண்டபத்தைத் திறந்து காட்டினார். நிறுவனத்தின் பெயர்ப்பலகை கதவைவிட அகலம். உள்ளே பொலித்தீன் உறை போட்டு, நிறுவனத்தின் சீல் ஒட்டிய பத்துக் கம்ப்யூட்டர்கள். நான்காம் மாதம் உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லித் திரையில் பெட்டி வந்து நின்றதாம். பாஸ்வேர்ட் வைத்திருந்த அலுவலர் திட்டம் முடிந்து தன் நாட்டுக்குப் போய்விட்டார். டீச்சர் மூன்று கடிதம் போட்டார். முதலாவதுக்கு மட்டும், அக்கறைக்கு நன்றி என்று பதில் வந்தது. ஐந்து வருடமாகப் பத்தும் சட்டப்படி சும்மா இருக்கின்றன.

“டீச்சர், அரை மணித்தியாலத்தில நான் சரி பண்ணித் தாறன்” என்றேன்.

“வேணாம். சீல உடைச்சா கையெழுத்து வச்ச ஆள்தான் பொறுப்பு எண்டு கடதாசில இரிக்கி. கையெழுத்து என்ட.”

அந்த இரும்புக் கடைக்குப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “ரெண்டு தரம் வாசலால போன. உள்ள போக வெக்கமா இருந்திச்சு. புள்ளயளுட சாமான நானே தூக்கிக் குடுத்த தானே.”

ஒன்பதரைக்கு இரண்டு பேரும் ஓட்டோவில் போனோம். காரைதீவுச் சந்தியால் திரும்பி, வயல்களுக்கு நடுவே போனால் சம்மாந்துறை. காத்திருப்போடு போகவர 600 ரூபாய். கடைக்காரர் றாசிக் காக்கா டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“நாலு, சாமானோட சாமானா கொழும்புக்குப் போயிட்டு டீச்சர். எனக்குத் தெரியல்ல. தெரிஞ்ச பொறகு மத்த ரெண்டையும் உடைக்கல்ல. என்ட மகள் உங்களுக்கிட்டதான் படிச்ச. நீங்க வருவீங்க எண்டு வச்ச.”

யூரியாப் பைகளுக்குப் பின்னால், சாக்கில் சுற்றி வைத்திருந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். திரும்பும் வழி முழுக்க டீச்சர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

டீச்சர் வீட்டில் மூன்று மணித்தியாலம் வேலை. ஒவ்வொரு சிப்பாகக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன். ஒன்று அசையவில்லை. மற்றது, அசையாததன் பவர் சப்ளையை எடுத்துப் பூட்டிய பிறகு, டிவியில் கறுப்பு வெள்ளையாக விழித்தது. டீச்சர் கதிரையை இழுத்துப்போட்டு, விசைகளைப் பார்க்காமலே மூன்று வரி தட்டினார். பதினேழாம் வாய்பாடு திரையில் மளமளவென்று இறங்கியது. “இதத்தான் முதல் நாள் படிப்பிக்கிற” என்றார். கண்ணைத் துடைத்துவிட்டு, அழித்து மறுபடியும் தட்டினார்.

அப்போது நான் செய்ததையும் எழுதத்தான் வேண்டும். இந்த வகை மெஷின் ஓடும் நிலையில் கிடைப்பது எவ்வளவு அருமை என்று எனக்குத் தெரியும். “டீச்சர், இத என்னட்டத் தந்தா கொழும்பில பத்திரமா…”

“பத்திரமா?” என்று திரும்பினார். “அவங்களும் அந்தச் சொல்லத்தான் தம்பி சொன்ன.”

அதுவரை யார்மீதெல்லாமோ இருந்த கோபம் என் பக்கமும் திரும்பியது.

கொஞ்ச நேரம் கழித்து, ஓடாததை அவரே சாக்கில் சுற்றித் தந்தார். “இதக் கொண்டு போங்க. திருந்தினா எடுத்திட்டு வாங்க. ஒண்ட வச்சி எத்தின புள்ளைக்குப் படிப்பிக்கிற?”

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சனிக்கிழமை போங்கள், வெள்ளி மதியம் ஜும்ஆவுக்குக் கடைகள் பூட்டியிருக்கும். ஒரு மல்டிமீற்றரும் பழைய டிவிக்கான வயரும் கையில் இருக்கட்டும். இரும்புக் கடைகளில் எடை கேட்பதற்கு முன், யாருடைய சாமான் என்று கேளுங்கள். ஒரு மெஷின் இன்னும் வேலை செய்கிறதென்றால், அதைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். நகலைக் கண்டால் மூக்கைச் சுளிக்கும் சேகரிப்பாளர்களுக்கு என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

கொண்டுவந்ததில் மெமரி சிப் இரண்டு செத்திருந்தன. நேற்று மாற்றினேன், ஓடுகிறது. வருகிற வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இரண்டு இருக்கை பதிந்திருக்கிறேன். மேலே சாமான் தட்டில் அதை வைக்க எனக்கு மனமில்லை.