சமையலறையில் வெடித்த பியர் பாட்டில்

பெங்களூரு வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். என் கணவர் ரவிக்கு வீட்டிலேயே பியர் தயாரிக்க ஆசை. வீடியோக்களைப் பார்த்து, மால்ட்டும் ஈஸ்ட்டும் வாங்கித் தயாரித்து, பழைய கண்ணாடி ஜூஸ் பாட்டில்களில் ஊற்றி இறுக மூடி, சமையலறை அலமாரியில் அடுக்கினார். நுரை பொங்கட்டும் என்று சர்க்கரையைத் தாராளமாகவே சேர்த்திருந்தார்.

ஒரு ஞாயிறு காலை ஹாலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் ‘டமார்’ என்று சத்தம். சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று அலறிக்கொண்டு வெளியே ஓடினேன். எதிர்வீட்டு மஞ்சுளா அக்கா பதறி வந்து, “என்னாச்சும்மா, கேஸா?” என்றார்.

படுக்கையறையிலிருந்து வந்து சமையலறையை எட்டிப் பார்த்த ரவி, “பாட்டில் ஒடஞ்சிருக்கு, அவ்ளோதான். மிச்சத்த எடுத்து வெச்சிட்றேன்” என்று சமையலறைக்குள் கால் வைத்தார்.

“ஐயோ, போகாதீங்க!” என்று உள்ளே ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்த நொடியே அடுத்தது வெடித்தது. கண்ணாடித் துண்டு ஒன்று பறந்து வந்து கதவில் குத்தி நின்றது, சரியாக அவர் கண் உயரத்தில். மஞ்சுளா அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெகுநேரம் கழித்து, ரவி ஹெல்மெட்டும் ரெயின்கோட்டும் மாட்டிக்கொண்டு, மீதி பாட்டில்கள்மேல் கனமான கம்பளியைப் போர்த்தி, ஒவ்வொன்றாக மூடியைத் தளர்த்திக் கொட்டினார்.

இப்போதெல்லாம் நொதித்து வாயு கிளம்புவது முழுவதும் அடங்கிய பிறகே பாட்டிலில் ஊற்றுகிறோம். சர்க்கரையை எடை போட்டுத்தான் சேர்க்கிறோம். அதுவும் கெட்டியான பிளாஸ்டிக் சோடா பாட்டில்தான். தினமும் அமுக்கிப் பார்த்து, கல்லாக இருந்தால் மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுகிறோம். ஆனாலும் யாராவது சோடா மூடியைத் திருகினால், என் கை தானாகவே முகத்தை மறைத்துக்கொள்கிறது.