கசாயம் நேசன் பிழையாய்க் காய்ச்சவில்லை

நேசன் அண்ணை இன்று விடிய அஜக்ஸ் ரவுனில் செத்துப்போனார். ஹார்ட் அற்றாக். மகள்தான் போன் எடுத்துச் சொன்னாள்.

அழுதுகொண்டே ஒன்று கேட்டாள். "அங்கிள், நோட்டீசில கசாயம் நேசன் எண்டு போடட்டோ? வெறும் நேசன் எண்டா ஆக்களுக்கு விளங்காது."

போடு பிள்ளை என்றேன். போனை வைத்த பிறகு இருக்க முடியவில்லை. அந்தப் பெயரை வைத்தவன் நான். பொய் சொல்லி வைத்த பெயர் அது... அவரிடம் ஒரு நாளும் ஒப்புக்கொள்ளவில்லை.

எண்பத்தேழாம் ஆண்டு, ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்த புதிது. வெல்ஸ்லி ஸ்ட்ரீட்டில் ஒரு பெட்ரூம் அபார்ட்மென்ற், அண்ணையோடு சேர்த்து ஆறு பேர். எனக்கு இருபது வயது, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். அவரும் நானும் பிளாஸ்ரிக் மூடி செய்கிற பக்டரியில் ஒரே லைன்.

அந்த வருசம் அவருக்குப் பேப்பர் கிடைத்தது. இனி இந்த நாட்டில் இருக்கலாம், ஊரிலிருந்து மனிசியையும் கூப்பிடலாம். பார்ட்டி வைக்க வேண்டும் என்றார்.

"கடைப் பியர் ஆரும் குடுப்பாங்கள். நான் காய்ச்சித் தாறன்." தன் கையால் செய்து கொடுக்க வேண்டும்... அதில் பிடிவாதம்.

டவுன்ரவுனில் ஒரு கடையில் பியர் காய்ச்சுகிற மோல்ற் ரின்னும் ஹொப்ஸும் வாங்கி வந்தார். ஹொப்ஸ் என்றால் காய்ந்த பச்சைப் பூ. பியருக்குக் கசப்பும் வாசமும் அதுதான்.

எங்கள் ஆட்களுக்கு எதையும் வறுக்காமல் சமைக்க வராதே! தூளுக்கு மல்லி வறுப்பதுபோல் அந்தப் பூவைத் தாச்சியில் போட்டு வறுத்தார். புகை அலாரம் அடித்தது. பில்டிங்கைப் பார்க்கிற சுப்பரின்ரென்டன்ட் ஓடி வந்து கதவைத் தட்டினான்.

"கறி சேர், கறி!" என்றார் அண்ணை, கையில் அகப்பையோடு. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டான். பூவில் இருந்த வாசமெல்லாம் புகையோடு போனது.

அடுத்த முறை என்னைக் கூப்பிட்டார். அந்த வீட்டில் எனக்குத்தான் கொஞ்சமாவது இங்கிலிஷ் வாசிக்க வரும். "டேய், வடிவாப் பாத்துச் சொல்லு. ஆக்களுக்குச் சொல்லிப்போட்டன்."

கீழே பெடியள் காரில் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றார்கள். ரின்னோடு வந்த செய்முறைத் தாளின் ஒரு பக்கத்தை மட்டும் மேய்ந்தேன். "ஹொப்ஸ் ரெண்டு பக்கெற்றையும் கொட்டி ஒரு மணித்தியாலம் அவிய விடுங்கோ." சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

ஒரு பக்கெற்றைத்தான் தொடக்கத்தில் போட வேண்டும், கசப்புக்கு. மற்றது இறக்கப் போகிற நேரம், வாசத்துக்கு. அதையும் அவித்தால் வாசம் ஆவியாகிவிடும், கசப்பு மட்டும் மிஞ்சும். எல்லாம் மற்றப் பக்கத்தில் இருந்தது.

பார்ட்டி. இருபது பேர். முதல் வாயிலேயே எங்களோடு இருந்த ரவி துப்பக் குசினிக்கு ஓடினான். "ஐயோ! என்னடாப்பா இது? தாளை ஆர் வாசிச்சது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முந்திக்கொண்டேன். "நான் சரியாத்தான் சொன்னன். அண்ணைதான் கசாயம் காய்ச்சிப்போட்டார்!"

வீடே சிரித்தது. பெயர் அங்கேயே ஒட்டிவிட்டது.

அண்ணை என்னை ஒருக்காப் பார்த்தார். "ஓமடாப்பா, என்ர கைப்பிழைதான்" என்றார். கடைப் பியர் வாங்கிவர இறங்கிப் போனார். பார்ட்டி அவருக்குத்தான் வைத்தது...

இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் காய்ச்சினார். இந்த முறை அடுப்பை நிற்பாட்டுகிற நேரம்தான் இரண்டாவது பக்கெற்றைப் போட்டார். அறையெல்லாம் தோடம்பழத் தோல் வாசம். அப்படி ஒரு பியரை நான் பிறகு குடித்ததில்லை.

"ஆர் அண்ணை சொல்லித் தந்தது?"

"தாளுக்குப் பின்பக்கமும் இருக்கு. கடைக்காரன் திருப்பிக் காட்டினவன்."

அவ்வளவுதான். என் கிளாசை நிரப்பினார். சுற்றியிருந்த பெடியள் "கசாயம், இன்னும் கொஞ்சம் ஊத்து!" என்று கத்தினார்கள். அந்த நேரம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம் போயிருக்கும். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு அவருடைய மனிசி வந்தார், பிள்ளைகள் பிறந்தார்கள், அஜக்ஸில் வீடு. கலியாண ஹோலில் சின்னப் பிள்ளைகள்கூட "கசாயம் அங்கிள்" என்பார்கள். திரும்பிச் சிரிப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

சனிக்கிழமை அவருடைய உடலைப் பார்வைக்கு வைக்கையில் வருகிறவர்கள் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் கெடுத்தவன் நான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருடைய பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லுங்கள். நானும் அங்கே நிற்பேன்.

நேசன் அண்ணை, உங்கட கையில ஒரு பிழையும் இல்லை.

போயிட்டு வாங்கோ...