நாலு பட்டறை சேர்ந்து ஆள் தேடிய வருஷம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் தெருவில் மெஷின் இருந்தது, ஆர்டர் இருந்தது, ஆள் மட்டும் இல்லை. 'ஆட்கள் தேவை' என்று முதலில் அட்டையில் எழுதி கேட்டில் கட்டினார்கள். மழையில் அட்டை ஊறிப்போனதும் பெயிண்டரைக் கூப்பிட்டுத் தகரத்திலேயே எழுதிவிட்டார்கள், எப்படியும் கழற்றப்போவதில்லை என்று. சில பட்டறைகளில் கம்பெனி பெயரைவிட அந்தத் தகரம் பெரிதாக இருக்கும்.

உங்கள் அம்மா எப்படி மெஷின் வேலைக்குப் போனாள் என்று நீங்கள் இரண்டு பேரும் அடிக்கடி கேட்கிறீர்கள். நான் பாதி சொல்ல, அவள் குறுக்கே புகுந்து மீதியைச் சொல்ல, கடைசியில் எங்களுக்குள் சண்டையாகி நின்றுவிடுகிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். பத்தாவது வரை படித்தவனின் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

கார், பைக்குக்கு வேண்டிய சின்னச் சின்ன இரும்புச் சாமான்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. எனக்கு ஸ்டோர் வேலை. கம்பி வந்தால் இறக்குவேன், முடிந்த சாமானைப் பெட்டியில் அடுக்கி அனுப்புவேன். மெஷின் ஓட்டத் தெரியாது. ஓட்டியவர்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்தவர்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போவார்கள். பாதிப் பேர் திரும்புவார்கள். மீதிப் பேருக்கு அங்கேயே ஏதோ வேலை கிடைத்திருக்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பெற்றவர்கள் பக்கத்தில் இருக்க யாருக்குத்தான் ஆசை இல்லை? நம் பக்கத்து இளவட்டங்களோ வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் வேலைக்கு, முதுகில் பையை மாட்டிக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டார்கள்.

ஆகவே இருக்கிற நாலு ஆளைத்தான் பட்டறைகள் ஒன்றிடமிருந்து ஒன்று இழுத்துக்கொண்டிருந்தன. அதற்கு எங்கள் தெருவில் ஒரு முறை உண்டு. பக்கத்துப் பட்டறை ஆளிடம் நேராகப் போய் 'என்னிடம் வருகிறாயா' என்று கேட்கக் கூடாது. டீக்கடையில் அவனுக்கும் சேர்த்து ஒரு டீ சொல்லவேண்டும். அவன் அதை வாங்கிக் குடித்துவிட்டால் பேச்சு ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம். முதலாளிமார் இதனாலேயே டீ நேரத்தில் கேட்டருகில் நின்று, யார் கையில் யார் டீ என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் முதலாளிக்கும் எதிர்ப் பட்டறை பாய்க்கும் ஓர் ஆபரேட்டர் விஷயத்தில் பேச்சே நின்றுபோயிருந்தது. பாய் பூந்தமல்லிக்காரர், தானே மெஷின் ஓட்டி மேலே வந்தவர். கடைசியில் அந்த ஆபரேட்டர் இருவரையும் விட்டுவிட்டு குத்தம்பாக்கம் பக்கம் ஒரு குடோனுக்குப் போய்விட்டான். அன்று மாலை பாய் நேராக எங்கள் பட்டறைக்குள் வந்தார்.

"இன்னா அண்ணாத்தே, சந்தோசமா? உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

"நீ டீ வாங்கிக் குடுக்காம இருந்திருந்தா அவன் இங்கயே இருந்திருப்பான்," என்றார் எங்கள் முதலாளி.

"சரி, அத்த உடு. இருக்கிறவனையே சுத்தி சுத்தி இஸ்துகினு இருந்தா புது ஆள் எங்கேர்ந்து வரும்? நாமளே தயார் பண்ணணும்."

அந்தப் பேச்சில் இன்னும் இரண்டு பட்டறைக்காரர்கள் சேர்ந்தார்கள். பக்கத்து ஐ.டி.ஐ.யில் ஒரு கொட்டகை சும்மா கிடந்தது, அதைக் கேட்டு வாங்கினார்கள். ஓட்ட ஆளில்லாமல் மூடிக்கிடந்த கம்ப்யூட்டர் லேத் ஒன்றை எங்கள் முதலாளி கொண்டுபோய் வைத்தார். கம்பியும் டூலும் பாய் கொடுத்தார். கற்றுக்கொடுக்க நாலு பட்டறையும் முறை போட்டு ஆள் அனுப்புவது என்று முடிவாயிற்று. யாருக்குக் கற்றுக்கொடுப்பது? பக்கத்திலேயே குடியிருக்கிற பெண்களுக்கு, என்றார் பாய். அவர்கள் ரயில் ஏறி ஊருக்குப் போகப்போவதில்லை என்பது கணக்கு.

ஆள் திரட்டும் வேலை என் தலையில் விழுந்தது. திருமுல்லைவாயிலில் நம் தெரு, அடுத்த தெரு, சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் காலனி என்று நானும் உங்கள் அம்மாவும் ஏறி இறங்கினோம். "கம்பெனின்னா கூட்டிப் பெருக்குற வேலதானே அண்ணா? அத்த எதுக்குப் படிக்கணும்?" என்று சிரித்தார்கள். "பொம்பளைங்க கையில மெஷின் குடுப்பாங்களா?" என்றார்கள். கடைசியில் ஐந்து பேர்தான் தேறினார்கள். ஐந்தில் ஒருத்தி உங்கள் அம்மா. அதுவரை அவள் வீட்டில் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய்ப் பேசிப் பேசி, அவளுக்கே ஆசை வந்துவிட்டது.

காலையில் கொட்டகையில் பாடம், மதியம் ஏதாவது ஒரு பட்டறையில் வேலை. முதல் மாதம் சந்தோஷமாகத்தான் போனாள். பிறகு ஒருநாள் சாயங்காலம் பையை ஆணியில் மாட்டாமல் கட்டிலில் வீசினாள்.

"நா பச்சை பட்டனு அமுக்கறதுக்குத்தான் படிக்கப் போனேனா? சாமான மாட்டு, பட்டன அமுக்கு, சாமான கழட்டு. அத்தோட சரி. மேல கேட்டா, அதெல்லாம் செட்டர் பாத்துப்பாருன்றாங்க."

விசாரித்தபோது புரிந்தது. ஒவ்வொரு பட்டறையும் தன் முறை வரும்போது தன் சாமானுக்கு வேண்டியதை மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறது. பாய் அனுப்பிய ஆள்கூட அப்படித்தான். முழுதாகச் சொல்லிக்கொடுத்தால் பக்கத்துப் பட்டறைக்காரன் டீ வாங்கிக்கொடுத்துக் கூட்டிப்போய்விடுவான் என்று நாலு பேருக்கும் உள்ளுக்குள் பயம். சேர்ந்துதான் கொட்டகை பிடித்தார்கள், ஆனால் நம்பிக்கையை அவரவர் பட்டறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

உங்களுக்குப் புரிய ஒன்று சொல்லவேண்டும். மெஷினில் இரும்பை வெட்டுகிற முனை தேயத் தேய, சாமானின் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். அதற்குத் தகுந்தாற்போல் மெஷினில் அளவைக் குறிக்கும் ஒரு நம்பரை மாற்றவேண்டும். அதைத் தெரிந்தவர்தான் செட்டர். அந்த நம்பரை யாரும் தொடாமலிருக்க மெஷினில் ஒரு பூட்டு இருக்கும். எங்கள் பட்டறையில் அதன் சாவி எப்போதும் செட்டரின் அரைஞாணில் தொங்கும். உங்கள் அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: மெஷினைத் தானே செட் செய்யத் தெரியவேண்டும். பட்டன் அமுக்குகிறவளை நாளைக்கே மாற்றிவிடலாம், செட்டரை அப்படி மாற்ற முடியாது என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அப்புறம் ஒருநாள் செட்டருக்குக் காய்ச்சல், வரவில்லை. மதியம் எங்கள் பட்டறையில் உங்கள் அம்மா நின்ற மெஷினில் சாமான் அளவு ஏறத் தொடங்கியது. அளவு பார்க்கும் கேஜில் போட்டுப் பார்த்தவள் மெஷினை நிறுத்திவிட்டு முதலாளியைக் கூப்பிட்டாள். மறுநாள் காலை அனுப்பவேண்டிய சாமான். சாவியோ பட்டாபிராமில் செட்டர் வீட்டில். முதலாளி தானே பைக்கை எடுத்துக்கொண்டு போனார். ஆவடி செக்போஸ்ட் நெரிசலில் மாட்டி, வியர்த்து விறுவிறுத்து, சாவியோடு திரும்பினார்.

"இந்தா சாவி," என்று பெருமையாக நீட்டினார்.

உங்கள் அம்மா வாங்கவில்லை. "சாவி வந்துடுச்சி சார். தொறந்தப்புறம் இன்னா பண்றது?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஸ்டோர் ரூமைப் பார்த்தேன். காய்ச்சல்காரரிடம் எப்படி மாற்றுவது என்று ஒரு வார்த்தை கேட்டு வரவேண்டும் என்பது முதலாளிக்குத் தோன்றவே இல்லை. போன் செய்தோம், செட்டர் மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டிருந்தார்.

எதிரே போய்ப் பாயைக் கூட்டிவந்தேன். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சாவி எடுக்க முதலாளியே ஊர்வலம் போயிருக்காரு. மேளம் வெச்சீங்களா?" என்றவர், பூட்டைத் திறந்து, "தள்ளிப் போவாதம்மா, கிட்ட வந்து பாரு," என்று உங்கள் அம்மாவைப் பக்கத்தில் நிறுத்தினார். எந்தப் பக்கம், எவ்வளவு, ஏன் என்று சொல்லிச் சொல்லி மாற்றினார். இரண்டாவது தடவை மாற்றவேண்டி வந்தபோது அவளையே மாற்றவைத்தார். எங்கள் முதலாளி அரை மனதாக நின்றுகொண்டிருந்தார்.

"முழுசா கத்துக்கினா பறந்துடுவாங்க பாய்."

"நீ இன்னிக்கு பறந்தியே, அதுக்கு இது பரவால்ல மச்சான்."

அந்த வாரமே முறை மாறியது. ஐந்து பேரும் நாலு பட்டறையிலும் மாறி மாறி நிற்பது, செட்டிங் வரைக்கும் எல்லாம் சொல்லிக்கொடுப்பது. அம்மா வீட்டில் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே எண்களை முணுமுணுத்தது அப்போதுதான். உப்பு இரண்டு தடவை விழுந்த குழம்பையும் நாம் சாப்பிட்டோம்.

முதலாளி பயந்தது நடக்காமல் இல்லை. பயிற்சி முடிவதற்குள் ஐவரில் இருவருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது. சொல்லிவிட்டுத்தான் போனார்கள், ஆனாலும் போய்விட்டார்கள். எங்கள் முதலாளி கொதித்தார்.

"பாத்தியா பாய்? இன்னா சொன்னேன் நானு? நம்ம மெஷினு, நம்ம கம்பி, பெரிய கம்பெனிக்காரன் நோவாம தூக்கினு போயிட்டான். ஞாயித்துக்கெழம மெஷின எடுத்துடறேன்."

மற்ற இரண்டு பட்டறைக்காரர்களும் சரியென்று தலையாட்டிவிட்டார்கள். உங்கள் அம்மாவுக்கு இன்னும் ஒரு பட்டறையில் கற்கவேண்டியது பாக்கி. அவள் என்னிடம்தான் சீறினாள்: "போனவங்களோட காலப் புடிச்சி நா இழுத்துவெச்சிருக்கணுமா? அவங்க போனதுக்கு நா எதுக்குங்க பட்டனு அமுக்கணும்?" முதலாளி சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. மூவாயிரம் பேர் வேலை செய்கிற இடத்தோடு பத்துப் பேர் பட்டறை போட்டி போட முடியாது. அது எனக்கும் தெரியும்.

ஆனால் எங்கள் யாருக்கும் தெரியாமல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. போன இருவரும் தினமும் காலையில் நம் தெருமுனையில், சாம்பல் நிறச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகக் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றார்கள். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள், பிள்ளையைப் பள்ளியில் விட வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கூட்டிப் பெருக்குகிற வேலை என்று சிரித்தவர்களும் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை முதல் ஆளாக ஒரு பெண் நம் வீட்டுக் கதவைத் தட்டினாள். "அக்கா, அந்த பஸ்ஸு வர்ற படிப்பு எங்க சொல்லித்தர்றாங்க?"

ஞாயிற்றுக்கிழமை முதலாளி கிரேன் வண்டியோடு கொட்டகைக்கு வந்தபோது, வாசலில் செருப்புகளைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டியிருந்தது. மெஷினைச் சுற்றிப் பெண்கள். சிலர் இடுப்பில் குழந்தை. உங்கள் அம்மா நடுவில் நின்று எதையோ காட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது கூட்டம்?"

"படிக்க வந்திருக்காங்க சார்."

"படிச்சிட்டு? அந்த பஸ்ல ஏறவா?"

"சில பேரு ஏறுவாங்க," என்றாள் உங்கள் அம்மா. "நா ஏறமாட்டேன். மூணரைக்கு எம்புள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்துடுங்க. அந்த பஸ்ஸு ஊட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள இருட்டிடும். என்ன மாதிரி இந்தக் கூட்டத்துலயும் இருப்பாங்க சார். யாருன்னு இப்பவே கேட்டா அவங்களுக்கே தெரியாது."

ஒரு குழந்தை முதலாளியின் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வெளியே கிரேன்காரர் ஹாரன் அடித்தார். "சார், மெஷின தூக்கறதா இல்லியா? எனக்கு கரையான்சாவடில இன்னொரு லோடு கீது."

அதற்குள் பாய் வந்துவிட்டார். ஒவ்வொருவரையும் எந்தத் தெரு, எதுவரை படிப்பு என்று கேட்க ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் எங்கள் முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்து பாய். மெஷின் என்னுது. மொதல்ல தேறுறவங்கள்ல ரெண்டு பேர் எனக்கு."

"உன்ன உட்டுப் போவமாட்டோம்னு எழுதிக் குடுக்கச் சொல்லலாமா?" என்றார் பாய்.

"எழுத்தெல்லாம் வாணாம்," என்ற முதலாளி அம்மா பக்கம் திரும்பினார். "நீ நாளைலேர்ந்து மதியம் நம்ம பட்டறைல நிக்காத. பாக்கி இருக்கற பட்டறைல போயி மீதியக் கத்துக்கோ. முடிஞ்சதும் நேரா இங்க வரணும், ஆமா. எனக்கு செட்டர் வேணும்."

"வரேன் சார்," என்றாள்.

கிரேன் வண்டி வெறுமனே திரும்பிப் போனது. அன்று வந்தவர்களில் சிலர் இன்றும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள், சிலர் இல்லை. கேட்டில் இருக்கும் தகரத்தை இன்னும் யாரும் கழற்றவில்லை, அதற்கு அவசியம் வந்ததாகவும் சொல்லமாட்டேன். வருஷா வருஷம் சிலர் போகிறார்கள், கொட்டகையில் புதிதாகச் சிலர் வந்து நிற்கிறார்கள். உங்கள் அம்மா இப்போது எங்கள் பட்டறையில் செட்டர், இரண்டு மெஷின் பார்க்கிறாள். நீங்கள் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் இருக்கிறாள். சில நாள் பத்து நிமிஷம் தாமதமானால், பக்கத்துப் பட்டறையில் சாமான் அளவு ஏறி, அவளைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.